ஓடுகளமும் உடைமையும்

விளையாட்டுத் துறையைப் பற்றி நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கையொன்று உண்டு. உத்தியோகத்துக்குச் சிபாரிசு வேண்டும், வழக்குக்குப் பணம் வேண்டும், கலியாணத்துக்குச் சீதனம் வேண்டும். ஓடுகளத்துக்கு மட்டும் இரண்டு கால்கள் போதும் என்பதே அந்த நம்பிக்கை. நேரத்தை அளக்கும் கருவி, ஓடுகின்றவனின் தகப்பன் யார் என்று கேட்பதில்லை; பாய்ந்த தூரத்தை அளக்கும் நாடா, பாய்ந்தவளின் ஊரை விசாரிப்பதில்லை. ஆகவே, மனிதர் யாவரும் சமமாக நிற்கும் இடம் உலகில் எங்கேனும் இருக்குமாயின், அது சுண்ணாம்பினாற் கீறிய தொடக்கக் கோட்டிலேதான் இருக்கின்றது என்று நாமும் மேடைகளிலே பேசுகின்றோம். பரிசளிப்பு விழாக்களிலே கைதட்டுகின்றோம்.

இந்நம்பிக்கை முழுப் பொய்யாக இருந்திருந்தால் எளிதிலே தகர்ந்திருக்கும். இதிற் பாதி உண்மை இருப்பதனாலேயே இது இவ்வளவு காலம் உயிர்வாழ்கின்றது. கருவி பொய் சொல்வதில்லை என்பது மெய்தான். ஆயின், துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்து நடந்ததை மட்டுமே அது கூறும். அதற்கு முந்திய பத்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைக் கூறவேண்டியவர்கள் நாமே.

தனியார் பாடசாலைகளும் அரச பாடசாலைகளும் ஒரே போட்டியிலே எதிர்த்து நிற்பது நியாயமா என்ற கேள்வி இன்று பல நாடுகளிலே எழுந்துள்ளது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, மாணவரைச் சேர்ப்பதற்கு எல்லை வரையறை இல்லாத பாடசாலைகளின் மாணவர் தொகையை 1.65 ஆற் பெருக்கி, அப்பெருக்கத்துக்கு ஏற்ற பெரிய பிரிவிலே அவற்றைப் போட்டியிடச் செய்யும் விதியொன்று 2005ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டது. நியூ ஜேர்சி மாநிலத்திலே சில விளையாட்டுகளில் அரசு சாராத பாடசாலைகளுக்கெனத் தனி வெற்றிக் கிண்ணமே உண்டு. பிரித்தானியாவிலே மாணவருள் ஏறத்தாழ 7 சதவீதத்தினரே தனியார் பாடசாலைகளிற் படிக்கின்றனர். ஆயினும் 2016ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக்கிலே பதக்கம் பெற்ற பிரித்தானியருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்பாடசாலைகளிலிருந்து வந்தவர். கால்களை மட்டுமே நம்பிய போட்டியாயின் இக்கணக்கு எங்ஙனம் வந்திருக்கும்?

இதே கேள்வியை மட்டக்களப்பு வாவியின் கரையிலே நின்று கேட்டுப்பார்ப்பது பயனுடையது. ஏனெனில் இங்கே அது வேறொரு வடிவத்திலே நம்முன் நிற்கின்றது. “இங்கே தனியார் பாடசாலை எங்கே இருக்கின்றது? நகரத்துப் பெருங் கல்லூரிகள் எல்லாம் அரச பாடசாலைகள்தாமே?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பெயர்ப் பலகையைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் பெயர்ப் பலகையை வைத்து உடைமையைத் தீர்மானிப்பது, உறுதியிலே எழுதிய பெயரை வைத்து வயலை உழுதவன் யாரென்று தீர்மானிப்பது போன்றதாகும்.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1814ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடக்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் ஆதி. புனித மிக்கேல் கல்லூரி தன் தோற்றத்தை 1873ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகின்றது. கல்லடி உப்போடையிலே சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் 1929இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. மதங்கள் வேறுபட்டாலும் இவை எழுந்த இடம் ஒன்றே: வாவியின் கிழக்குப் புறமாகிய எழுவான்கரைப் பக்கம், கச்சேரியும் கடைத்தெருவும் கடலும் உள்ள பக்கம். நெல் விளையும் மேற்குக் கரையாகிய படுவான்கரைக்கு இத்தகைய பெருங் கல்லூரி ஒன்றேனும் அந்நாளிலே செல்லவில்லை.

இக்கல்லூரிகள் அறத்தினாலும் உழைப்பினாலும் வளர்ந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. காரைதீவிலே பிறந்த விபுலாநந்தரே புனித மிக்கேல் கல்லூரியின் மாணவராக இருந்தவர். பின்னர் அங்கே ஆசிரியராகவும் இருந்தவர். ஆனால் மிஷன் பள்ளிகள் திருச்சபையின் பணத்திலே மட்டும் வளரவில்லை என்பதையும் மறக்கலாகாது. உதவி பெறும் பாடசாலைகள் என்ற பெயரே அதனைச் சொல்லும். அரசாங்க நன்கொடை, அதாவது படுவான்கரை விவசாயியும் சேர்ந்து செலுத்திய வரிப்பணம், பல தசாப்தங்களாக அவற்றினுட் சென்றது. கட்டடம் நகரத்திலே நின்றது; கட்டியோர் வரிசையில் வாவியின் இரு கரையாரும் இருந்தனர்.

கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் 1945இலே நடைமுறைக்கு வந்தது. நகரத்துக் கல்லூரியின் வசதிகளைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்வதே மத்திய மகா வித்தியாலயங்களின் நோக்கம்: ஆய்வுகூடம், விடுதி, விளையாட்டு மைதானம் யாவும் அதிலடங்கும். வந்தாறுமூலையிலே அத்தகைய மத்திய கல்லூரியொன்று எழுந்தது. 1981ஆம் ஆண்டு அதன் வளவிலேயே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுவே 1986இலே கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிழக்கு மாகாணத்துக்குப் பல்கலைக்கழகம் வேண்டியதே. ஆயினும் ஓர் உயர்கல்வி நிலையம் எழுவதற்கு நகரத்துக் கல்லூரி எதன் வளவும் கேட்கப்படவில்லை. கிராமத்து மத்திய கல்லூரியின் வளவே பயன்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

1960ஆம் ஆண்டின் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1961ஆம் ஆண்டின் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின்கீழ்க் கொண்டுவந்தன. கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நிற்க விரும்பிய சில பெருங் கல்லூரிகளுக்கு அவ்வாறு நிற்க இடமளிக்கப்பட்டது. புதிய தனியார் பாடசாலைகளைத் தொடங்குவது தடுக்கப்பட்டது. முற்போக்காளர் அச்சட்டங்களை வரவேற்றனர், வரவேற்றதிலே தவறில்லை. மதமாற்றத்துக்கும் குலப்பெருமைக்கும் கல்வி கருவியாகக் கூடாது என்ற கோரிக்கை நியாயமானதே. ஆனால் அச்சட்டங்கள் ஒன்றைச் செய்தன, மற்றொன்றைச் செய்யவில்லை. அவை உடைமையின் பெயரை மாற்றின. உடைமையின் பங்கீட்டை மாற்றவில்லை. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மைதானமும் மண்டபமும் நூலகமும் நற்பெயரும் சேர்ந்த இடத்திலேயே இருந்தன. வாவியைக் கடந்து ஓர் அடி நிலமும் நகரவில்லை.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் இவ்வேறுபாட்டுக்கு நிருவாக முத்திரையும் கிடைத்தது. தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின்கீழ் இருக்க, ஏனையவை மாகாணத்தின் கைக்குச் சென்றன. மட்டக்களப்பு நகரின் பழைய மிஷன் கல்லூரிகள் தேசியப் பாடசாலைகளாயின. மட்டக்களப்பு மேற்கு வலயத்தின் கிராமப் பாடசாலைகள், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, கரடியனாறு ஆகிய பக்கங்களிலுள்ளவை, மாகாணப் பாடசாலைகள். இரண்டும் அரச பாடசாலைகளே. கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்னும் நான்கு படிகளில் ஏறும் போட்டிகளிலே ஒரே தகைமையுடன் நிற்பவையே. மாணவரை நாம் வயதுகொண்டு பிரிக்கின்றோம். ஆண், பெண் எனப் பிரிக்கின்றோம். பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பதினெட்டு வயது இளைஞனோடு ஓடவிடுவது அநீதி என்பதை யாரும் விளக்காமலே உணர்கின்றோம். ஆனால் மைதானமுள்ள பிள்ளையை மைதானமற்ற பிள்ளையோடு ஓடவிடும்போது நம் நீதியுணர்ச்சி உறங்கிவிடுகின்றது.

பெருங் கல்லூரியின் வலிமை எவற்றாலானது? முதலாவது, நிலம். நகரத்துக் கல்லூரிக்குச் சீரான மைதானம் உண்டு. இல்லாவிடினும் வெபர் விளையாட்டரங்கு நடந்து செல்லும் தூரத்திலே உண்டு. படுவான்கரைப் பாடசாலை பலவற்றின் மைதானமோ மாரியிலே வெள்ளம் நிற்கும் தரை. கோடையிலே மாடு மேயும் தரை. இல்ல விளையாட்டுப் போட்டிகள் ஆண்டின் முதற் தவணையிலே நடைபெறுகின்றன. அப்போதுதான் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து தரை காயத் தொடங்குகின்றது. அப்போதுதான் பெரும்போக வெள்ளாண்மையின் அறுவடையும் வருகின்றது. நகரத்து மாணவன் பயிற்சி செய்யும் வாரங்களிலே, கிராமத்து மாணவன் சேற்றைப் பார்த்திருக்கின்றான். அல்லது தகப்பனோடு வயலில் நிற்கின்றான். போட்டியின் நாட்காட்டியை வகுத்தவர்கள் வெள்ளாண்மையின் நாட்காட்டியைப் பார்த்ததில்லை.

இரண்டாவது, நேரம். பாடசாலை விட்ட பின்னரே பயிற்சி நடைபெறும். பயிற்சி முடிந்து வீடு சேர்வது யாருக்கு இயலும்? மண்முனைப் பாலம் 2014இலே திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர் பாதையிலேதான் வாவியைக் கடந்தனர். பாதையைத் தவறவிட்டவன் அக்கரையிலேயே நிற்கவேண்டும். பாலம் வந்தது பெரும் நன்மை. ஆயினும் பாலம் பஸ்ஸைக் கொண்டுவருவதில்லை. உள்ளூர்க் கிராமங்களுக்குப் பின்னேர பஸ் போய்விட்டால் மறுநாட் காலையே பஸ். ஒரு பெண்பிள்ளையைப் பொழுதுபடும் வேளையிலே தனியே நடந்துவரப் பெற்றோர் எப்படி அனுமதிப்பர்? அவள் பயிற்சிக்கு வராததை ஆர்வக்குறைவு என்று பதிவுசெய்வோர், அவள் வீட்டுக்குச் செல்லும் வழியை ஒருநாளாவது நடந்து பார்த்தவராயிரார்.

மூன்றாவது, ஆசான். இங்கே நாம் நன்றியோடு சொல்லவேண்டிய வரலாறு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைத் துறவிகளான வெபர் அடிகளாரும் ஹேபியர் அடிகளாரும் மட்டக்களப்பின் விளையாட்டு வரலாற்றிலே அழியாத பெயர்கள். நகரின் விளையாட்டரங்கு வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டம் ஹேபியர் அடிகளாரோடு பிணைந்தது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிலே அவர் காணாமற் போனார், இன்றுவரை திரும்பவில்லை. இத்தகையோர் ஊதியம் கருதாது, இடமாற்றம் கோராது, ஆண்டாண்டாக ஒரே மைதானத்திலே நின்று தலைமுறைகளைப் பயிற்றினர். அவர்களை நாம் வணங்குகின்றோம். வணங்கியபின் கேட்கின்றோம்: அந்த நீடித்த கவனிப்பு படுவான்கரைக்கு யாரால் வழங்கப்பட்டது? கஷ்டப் பிரதேசம் என்று வகுக்கப்பட்ட பாடசாலைக்கு நியமனம் பெறும் ஆசிரியர், குறித்த காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுச் செல்கின்றார். அவரையும் குறைகூற இயலாது. அவருக்கும் குடும்பம் உண்டு. பல சிறிய பாடசாலைகளிலே உடற்கல்வியை வேறொரு பாடத்தின் ஆசிரியரே சேர்த்துப் பார்க்கின்றார். நகரத்துக்குக் கிடைத்தது துறவியின் கொடை. கிராமத்துக்குக் கிடைக்கவேண்டியது அரசின் கடமை. கொடை வந்தது, கடமை வரவில்லை.

நான்காவது, பணம். இலவசக் கல்வி என்ற கோட்பாட்டின்கீழ் இருந்துகொண்டே, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், வசதிக் கட்டணம், பழைய மாணவர் சங்கம் ஆகிய வாயில்கள் வழியாகத் தனியார் பணம் அரச பாடசாலைக்குள் நுழைகின்றது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர் தம் கல்லூரிக்குப் பந்தும் சப்பாத்தும் வாங்கித் தருகின்றனர். பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்கின்றனர். அன்பினாற் செய்யும் இவ்வுதவியைத் தடுக்கச் சொல்பவர்கள் நாமல்லோம். ஆனால் பழைய மாணவர் யாவரும் வயலிலும் வாவியிலும் உழைப்பவராகவே இருக்கும் பாடசாலைக்கு யார் அனுப்புவர்? பந்தின் விலையைப் பெற்றோரின் சட்டைப்பை தீர்மானிக்கும் இடத்திலே, அரச பாடசாலைக்குள்ளே ஒரு தனியார் பாடசாலை இயங்கிக்கொண்டிருக்கின்றது என்றே நாம் கொள்ளவேண்டும்.

இவை நான்கும் சேர்ந்தபோது ஐந்தாவதொன்று தானே பிறக்கின்றது: பெயர். பெயர் பெற்ற கல்லூரியை நோக்கித் திறமை நகர்கின்றது. கிராமத்திலே வேகமாக ஓடும் பிள்ளையை நகரத்துக் கல்லூரி அழைக்கின்றது. நகரத்திலே சிறந்து விளையாடும் பிள்ளையைத் தலைநகரின் கல்லூரி அழைக்கின்றது. அழைக்கப்பட்ட பிள்ளைக்கு அது வாழ்வின் வாயில். போகாதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அப்பிள்ளையின் முதல் ஓட்டத்தைக் கண்டவர், வெறுங்காலோடு ஓடியவனுக்குத் தம் பணத்திலே சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர், சிறிய பாடசாலையின் ஆசிரியர். கிண்ணமோ பெரிய பாடசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படுகின்றது. விளைத்தவன் ஒருவன், களஞ்சியம் நிரம்புவது வேறொருவனுக்கு என்பது படுவான்கரை விவசாயி நெற்கணக்கிலே அறிந்த பாடம். விளையாட்டுக் கணக்கிலும் அதுவே நடக்கின்றது.

இவற்றுக்கு மேலாகப் போரின் சுமையையும் எண்ணவேண்டும். 2007ஆம் ஆண்டு வரை படுவான்கரை வேறொரு ஆட்சியின் பிடியிலே இருந்தது. இடையிலே நின்றது இராணுவக் காவலரண். இடப்பெயர்வு ஒருபுறம், பாடசாலை வயதுப் பிள்ளைகள் படைக்குச் சேர்க்கப்பட்ட கொடுமை மறுபுறம். ஓடத் தெரிந்த கால்கள் ஓடி ஒளிவதற்கே பயன்பட்ட காலம் அது. எழுவான்கரையும் தப்பவில்லை, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் குடித்தது. ஆனால் மீண்டெழும் வலிமை இரு கரைக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

இனி, நமக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களைப் பார்ப்போம். “மெய்யான திறமை எந்தத் தடையையும் தாண்டும்” என்பது முதல் வாதம். இதற்குச் சான்றுகளும் உண்டு. 2024ஆம் ஆண்டு வரை இலங்கை பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டே. முதலாவது, 1948இலே டங்கன் வைட் பெற்றது. அவர் கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர். இரண்டாவது, 2000ஆம் ஆண்டு சிட்னியிலே சுசந்திகா ஜயசிங்க பெற்றது. அவர் வரக்காப்பொலைப் பக்கத்துக் கிராமமொன்றின் ஏழைப் பெண். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான எதிர்வீரசிங்கம், 1958இலே டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியிலே உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் ஈட்டினார். இவற்றைக் கண்டு மகிழாதவர் யார்?

ஆனால் இச்சான்றுகளைச் சற்றே உற்றுநோக்குக. இவை யாவும் ஓட்டமும் பாய்ச்சலும் ஆகும். ஒரு தனி உடம்பு தன் வலிமையால் வெளிப்படக்கூடிய துறைகள். கூடைப்பந்தாட்டத்துக்குச் சீமெந்துத் தளம் வேண்டும். துடுப்பாட்டத்துக்கு மட்டையும் காப்புகளும் விரிப்பும் வேண்டும். எல்லா வகுப்புகளிலும் சேர்த்து நூற்றைம்பது பிள்ளைகள் உள்ள பாடசாலை, பதினாறு வயதுக்குட்பட்ட அணியொன்றை அமைப்பதற்கே ஆள் தேடவேண்டும். ஈராயிரம் பிள்ளைகள் உள்ள கல்லூரி அதே வயதிலே இரண்டு அணிகளை அமைத்து ஒன்றோடொன்று மோதவிட்டுச் சிறந்தவரைத் தெரிவுசெய்யும். இந்நிலையின் உச்சமான நகைமுரண் நீர் விளையாட்டுகளிலே தெரிகின்றது. வாவிக்கரையிலே பிறந்த பிள்ளை நடக்கப் பழகும் வயதிலேயே நீந்தப் பழகுகின்றது. தோணி வலிக்கப் பழகுகின்றது. ஆனால் நீச்சற் போட்டிக்குத் தடாகம் வேண்டும். பந்தயப் படகு வலிக்கும் பாடசாலைப் போட்டியோ கொழும்பின் பேர வாவியிலே தலைநகரின் சில கல்லூரிகளுக்கிடையே வளர்ந்தது. ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்ட வாவியைச் சொந்தமாகக் கொண்ட பிள்ளைகளுக்கு அவ்விளையாட்டிலே இடமில்லை. திறமை இங்கே தடையைத் தாண்டத் தவறவில்லை. திறமையை அளக்கும் களமே இப்பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்திலே அமைக்கப்பட்டது.

“அவ்வாறாயின் தனியாரைத் தனியாகவும் அரசினரைத் தனியாகவும் பிரித்துவிடுவோமே” என்பது இரண்டாவது வாதம். இதனை நம் நண்பர்களிற் சிலரும் ஆதரிக்கின்றனர். நாம் இதனை ஏற்கவில்லை. கொழும்பிலே றோயல் கல்லூரி அரசினது. புனித தோமஸ் கல்லூரி தனியாரது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு இவ்விரண்டும் துடுப்பாட்டம் ஆடி வருகின்றன. அது நியாயமற்ற போட்டி என்று இருதரப்பிலும் யாரும் முறையிட்டதை நாம் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்திலே 1904ஆம் ஆண்டு தொடங்கிய வடக்கின் பெருஞ்சமரிலும் ஒருபுறம் அரசின் மத்திய கல்லூரி, மறுபுறம் தனியாரின் பரியோவான் கல்லூரி. அங்கும் முறைப்பாடில்லை. காரணம் வெளிப்படையானது: நிலமும் பணமும் பெயரும் இருபக்கமும் உண்டு. இனி, றோயல் கல்லூரியையும் கரடியனாற்றுப் பக்கத்துச் சிறு பாடசாலையையும் எதிரெதிரே நிறுத்திப் பாருங்கள். இரண்டும் அரச பாடசாலைகள். அதனை நியாயமான போட்டி என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? ஆகவே, தனியார் எதிர் அரசு என்று கீறப்படும் கோடு தவறான இடத்திலே கீறப்படுகின்றது. உண்மையான கோடு, வசதி குவிந்த பாடசாலைக்கும் வசதி மறுக்கப்பட்ட பாடசாலைக்கும் இடையே ஓடுகின்றது. மட்டக்களப்பிலே அக்கோடு பெரும்பாலும் வாவியின் நடுவே ஓடுகின்றது.

இந்தக் கோட்டை அரசு அறியாததன்று. பல்கலைக்கழக அனுமதியிலே 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பு அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது, புள்ளி பிறந்த இடத்தையும் பார்க்கவேண்டும் என்ற தத்துவம் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. மாவட்டம் என்ற பெரிய அலகைக் கொள்வதனால் மாவட்டத்துக்குள்ளே நகரத்துக் கல்லூரியே பெரும்பயன் அடைகின்றது என்ற குறை அதற்கு உண்டு; எனினும் தத்துவம் சரியானது. மைதானத்துக்கு மட்டும் அத்தத்துவம் ஏன் செல்லவில்லை?

கொழும்பிலே தொடங்கிப் பிற நகரங்களுக்கும் பரவிவரும் சர்வதேசப் பாடசாலைகளையும் இங்கே குறிப்பிடவேண்டும். 1961ஆம் ஆண்டின் தடையைத் தொடாமல், கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்துகொண்டு, திறந்த பொருளாதாரத்தின் நிழலிலே இவை வளர்ந்தன. கல்வி விற்பனைப் பண்டமானபின் விளையாட்டு அதன் விளம்பரமாவது இயல்பே. நாளை இவை கிழக்கிலும் தடாகத்தோடும் பயிற்றுநரோடும் நிலைபெறும்போது, இன்று நகரத்துக் கல்லூரியைப் பார்த்துப் படுவான்கரை சொல்லும் குறையை, நகரத்துக் கல்லூரியே சொல்லும் நிலை வரும். ஆகவே இது ஒரு கரையின் வழக்கன்று.

மட்டக்களப்பின் மக்கள் மரபிலே கொம்புமுறி என்றொரு விளையாட்டு உண்டு. கண்ணகி வழிபாட்டோடு இணைந்தது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். கொம்போடு கொம்பு கொழுவிக் கயிறு பூட்டி இருபக்கமும் இழுப்பர். பழைய கிராமத்திலே சமத்துவம் நிலவிற்று என்று நாம் பொய்க்கனவு காணவில்லை. சாதியின் வரம்புகள் அங்கே இறுக்கமாகவே இருந்தன. ஆயினும் அவ்விளையாட்டிலே ஓர் உண்மை உண்டு. இரு சேரிக்கும் களம் ஒன்றே. அது ஊரின் களம். ஒரு சேரி தன் வளவுக்குள்ளே களத்தை அடைத்து வைத்துக்கொண்டு, மறுசேரியை வருடத்தில் ஒருநாள் மட்டும் உள்ளே அழைப்பதில்லை.

நாம் கேட்பவை பெரிய புரட்சிகள் அல்ல. வாவிக்கு மேற்கேயுள்ள வலயங்களிலே, மாரியிலும் நீர் வடியக்கூடிய முறையான ஓடுகளம் ஒவ்வொன்றாவது பொதுச் செலவிலே அமையவேண்டும். பொதுப்பணத்தாலும் வளர்ந்த நகரத்துக் கல்லூரி மைதானங்கள், வாரத்திலே குறித்த நாட்களில் அயற் பாடசாலைகளுக்கு உரிமையாகத் திறக்கப்படவேண்டும், சலுகையாக அன்று. உடற்கல்வி ஆசிரியர் கஷ்டப் பிரதேசத்திலே நிலைத்து நிற்பதற்கு வீடும் ஊக்கப்படியும் வேண்டும். பயிற்சி நாட்களிலே பஸ்ஸும் ஒருவேளை உணவும் வேண்டும். மாணவன் ஒருவன் பெரிய பாடசாலைக்கு மாறி வெல்வானாயின், குறித்த சில ஆண்டுகளுக்கு அவ்வெற்றியின் புள்ளியிலே பாதி, அவனை முதலிற் பயிற்றிய பாடசாலைக்கு எழுதப்படவேண்டும். போட்டிகளைப் பிரிக்கவேண்டாம்; எல்லாரும் சேர்ந்தே ஓடட்டும். ஆனால் வெற்றிப் பட்டியலை மாணவர் தொகையையும் வசதியையும் கொண்டு வகைப்படுத்தி எழுதுவோம். நூற்றைம்பது பிள்ளைகளுள் அறுபது பேரை மைதானத்துக்குக் கொண்டுவந்த பாடசாலையும், ஈராயிரம் பிள்ளைகளுள் அறுபது பேரைக் கொண்டுவந்த கல்லூரியும் ஒன்றல்ல என்பதைப் பட்டியலே சொல்லட்டும்.

இவை எதுவும் தாமாக நடந்துவிடா. இந்த ஏட்டைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அடுத்த வலய மட்டப் போட்டியிலே, இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு மாணவரிடமும், முதற் சுற்றோடு திரும்பிய ஒவ்வொரு மாணவரிடமும் நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்வோம். பயிற்சி செய்த மைதானம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இவ்வாண்டு எத்தனை நாட்கள் பயிற்சி கிடைத்தது? காலிலே போட்ட சப்பாத்து யாருடையது? இன்று காலை என்ன சாப்பிட்டாய்? இதற்கு ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். நகரத்துக் கல்லூரி மாணவர்களே இக்கணக்கை எடுக்க முன்வரவேண்டும் என்று குறிப்பாக விரும்புகின்றோம். தம்மோடு ஓடித் தோற்றவன் எங்கிருந்து ஓடத் தொடங்கினான் என்பதை அறியும்போது, தம் வெற்றியின் உண்மையான அளவையும் அவர்கள் அறிவர். அவனுக்காகக் குரல்கொடுக்கும் பொறுப்பும் அவர்களுக்கு வரும்.

நேரக் கருவியின் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் அறிக்கைகளிலே பதிவாகின்றது. இந்த இரண்டாவது கணக்கையும் அதே அறிக்கையிலே, அதே பக்கத்திலே, பக்கத்துப் பத்தியிலே அச்சிடுமாறு வலயக் கல்விப் பணிமனைகளைக் கேட்போம். மறுத்தால், காரணத்தை எழுத்திலே தருமாறு கேட்போம்.